தொழில் மாற்றத்துக்கான படிப்பும் ஊக்கமும்

ஒரு தொழிலில் பல ஆண்டுகள் பணியாற்றியபின் வேறொரு தொழிலுக்குச் செல்ல விரும்பிப் படிப்போரின் நிலை, பள்ளி முடித்து நேரே கல்லூரிக்குச் செல்லும் மாணவரின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. மாணவருக்குப் படிப்பே முழுநேர வேலை. பாட அட்டவணையை நிறுவனம் வகுத்துத் தருகிறது. உடன் பயில்வோர் அருகிலேயே இருக்கின்றனர். தேர்வு நாள் முன்னதாகவே குறிக்கப்பட்டுவிடுகிறது. தொழில் மாறப் படிப்பவரோ பகலில் வேலைக்குச் சென்று, மாலையில் வீட்டுப் பொறுப்புகளை முடித்து, எஞ்சிய நேரத்தில், பெரும்பாலும் தனியாக, தாமே வகுத்த திட்டத்தின்படி படிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி அமைப்பு மாணவருக்கு வெளியிலிருந்து தரும் உந்துதலை இவர் தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கான வழிமுறைகளை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பயிற்சியைப் பாதியில் கைவிடுவோர் பலர், தமக்கு மனவுறுதி போதவில்லை என்று தம்மையே குறைகூறிக்கொள்கின்றனர். கற்றல் பற்றிய உளவியல் ஆய்வுகள் இதற்கு வேறு விளக்கம் தருகின்றன. படிப்பவரின் முன்னேற்றம் அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை ஊக்கம் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது; அது தெரியாமல் போகும்போது, எத்தனை உறுதியோடு தொடங்கியவரும் தளர்ந்துவிடுகிறார். எனவே முன்னேற்றம் வாரந்தோறும் புலப்படும்படி படிப்பை அமைத்துக்கொள்வதே ஊக்கத்தைக் காக்கும் முதன்மையான வழி. பின்வரும் பகுதிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தைப் பல கோணங்களில் விரித்துரைப்பவையே.

1. ஊக்கம் குறைவதன் காரணங்கள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு ‘தன்திறன் நம்பிக்கை’ என்னும் கருத்தை விரிவாக முன்வைத்தார். ஒரு குறிப்பிட்ட செயலைத் தம்மால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் கொண்டுள்ள நம்பிக்கையை இது குறிக்கும். இந்நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்றார் அவர்: தாமே செய்து வெற்றி கண்ட அனுபவம், தம்மைப் போன்ற பிறர் வெற்றி பெறுவதைக் காண்பது, நம்பத்தகுந்தவர் சொல்லும் ஊக்கச் சொற்கள், உடல், மன நிலைகள். இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது.

தொழில் மாறப் படிப்பவர் இழப்பது இந்த முதல் வழியைத்தான். எடுத்துக்காட்டாக, கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தாண்டுகள் பணியாற்றியவர் தரவுப் பகுப்பாய்வுத் துறைக்கு மாற விரும்புவதாகக் கொள்ளலாம். தொழிற்கூடத்தில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததுமே அதன் குறையை அறியக்கூடியவர் அவர். ஆனால் பைத்தான் என்னும் கணினி மொழியில் பத்து வரிகள் எழுதினால், ஐந்தாவது வரியில் பிழை என்று கணினி காட்டுகிறது. அந்தப் பிழை என்னவென்று கண்டுபிடிப்பதற்குள் மாலைப் பொழுது முழுவதும் கழிந்துவிடுகிறது. தேர்ந்தவராக இருந்து பழகியவர் திடீரெனத் தொடக்கநிலையாளர் ஆவதால் எழும் இந்த மனக்குறை, தொழில் மாற்றப் படிப்புக்கே உரியது. திறமையின்மைக்கு அது அடையாளம் ஆகாது. முதல் சில வாரங்களின் புத்தார்வம் அடங்கியபின், பாடம் கடினமாகத் தொடங்கும் காலத்தில் இக்குறை மிகுதியாக உணரப்படும் என்பதை முன்னரே அறிந்திருந்தால், அது வரும்போது படிப்பவர் திகைக்க மாட்டார்.

வயது பற்றிய அச்சம் மற்றொரு காரணம். முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குமேல் புதிதாக ஒன்றைக் கற்க மூளை இடம் தராது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இதற்கு மறுமொழியாக லண்டன் நகரின் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு அமைந்துள்ளது. அந்நகரில் கறுப்பு நிற டாக்சி ஓட்டும் உரிமம் பெற, சேரிங் கிராஸ் என்னும் மையத்திலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களையும், அவற்றிலுள்ள முக்கிய இடங்களையும், வரைபடத்தின் துணையின்றி நினைவிலிருந்து சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கற்று முடிக்கப் பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைப் படிப்போரும் உண்டு. நரம்பியல் ஆய்வாளர்கள் கேத்தரின் வூலட், எலினார் மக்வயர் ஆகியோர் இப்பயிற்சியில் சேர்ந்த 79 பேரை ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 39 பேர் உரிமம் பெற்றனர். இட நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் பின்பாகம், தேர்ச்சி பெற்றோரிடத்தில் பயிற்சிக்குப்பின் வளர்ந்திருந்தது. தேர்ச்சி பெறாதோரிடத்தில் அத்தகைய மாற்றம் இல்லை. பயிற்சி தொடங்கும்போது இவ்விரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. தேர்ச்சி பெற்றவர்கள் வாரந்தோறும் பயிற்சிக்குச் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. வளர்ந்தவரின் மூளையும் கற்றலுக்கேற்ப மாறும் என்பதை இந்த ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

2. படிப்பதற்கான காரணத்தைத் தெளிவாக்குதல்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் இரு உளவியலாளர்கள் வகுத்த ‘தன்முடிவுக் கோட்பாடு’, ஊக்கத்தின் அளவைவிட அதன் வகையே முதன்மையானது என்கிறது. பிறர் நெருக்குதலுக்காகவோ பரிசுக்காகவோ செய்வது ஒரு வகை. செய்யாவிட்டால் குற்றவுணர்ச்சி எழும் என்பதற்காகச் செய்வது மற்றொரு வகை. அதன் பயனைத் தாமே உணர்ந்து, தமது முடிவாக ஏற்றுச் செய்வது வேறொரு வகை. இவற்றுள் மூன்றாவதே நெடுங்காலம் நீடிக்கிறது. தன் விருப்பப்படி செயல்படும் உரிமை, திறமை வளர்கிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்று தேவைகள் நிறைவேறும் இடத்தில் ஊக்கம் தழைக்கிறது என்பதும் இக்கோட்பாட்டின் முடிவு.

இதை நடைமுறையில் கொண்டுவர, படிப்பவர் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவது நன்று. இப்போதைய வேலையில் எதை விட்டுச் செல்ல விரும்புகிறார்? புதிய வேலையின் அன்றாடப் பணிகளில் எவை அவருக்குப் பிடித்தமானவை? இம்முடிவு அவருடையதா, உறவினரோ விளம்பரமோ சொன்னதா? இரண்டாவது கேள்விக்கு விடை எழுத இயலாவிட்டால், அத்துறையில் பணிபுரியும் ஒருவரைச் சந்தித்து, அவர் காலை முதல் மாலைவரை உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டறிய வேண்டும். சம்பளம் உயரும் என்பது நியாயமான காரணமே. ஆனால் அது படிப்பு முடிந்தபின் வருவது. பாடத்தின் உள்ளடக்கத்திலேயே ஓரளவு விருப்பம் இருந்தால்தான் இடைப்பட்ட மாதங்களைக் கடக்க முடியும்.

3. அண்மை இலக்குகள்

தொலைவிலுள்ள இலக்கு திசையைக் காட்டும். அன்றாட உழைப்புக்கு அருகிலுள்ள இலக்கு வேண்டும். பண்டூராவும் டேல் ஷங்க் என்பவரும் கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறுவர்களிடம் நடத்தி, 1981இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கங்கள் என்று இலக்கு பெற்ற சிறுவர்கள், ஏழு அமர்வுகளில் 42 பக்கங்கள் என்று இலக்கு பெற்றவர்களைக் காட்டிலும் கணக்கில் சிறந்தனர். அவர்களுடைய தன்னம்பிக்கையும் கணக்கின்மீதான ஆர்வமும் உயர்ந்தன. மொத்தப் பாடப்பகுதி இரு பிரிவினருக்கும் ஒன்றே. இலக்கைப் பகுத்த விதத்தில்தான் வேறுபாடு இருந்தது.

லண்டன் ஓட்டுநர் பயிற்சியின் அமைப்பும் இவ்வாறே உள்ளது. பயிற்சி பெறுபவர் அனைத்தையும் படித்து முடித்து ஒரே இறுதித் தேர்வு எழுதுவதில்லை. தேர்வாளர் முன் தனியே அமர்ந்து வாய்மொழித் தேர்வுகளுக்கு விடையளிக்கிறார்; தேர்வுகளுக்கிடையே முதற்கட்டத்தில் 56 நாட்களும், அடுத்த கட்டத்தில் 28 நாட்களும், கடைசிக் கட்டத்தில் 21 நாட்களும் இடைவெளி தரப்படுகின்றன. தமது நிலை இப்போது என்ன, அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு தொலைவு என்பது அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் படிப்போர் இத்தகைய கட்டமைப்பு உள்ள படிப்புகளைத் தேர்ந்துகொள்ளலாம். நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ இணையதளத்தின் வழியே நடைபெறும் என்.பி.டி.இ.எல். படிப்புகள் 4, 8, 12 வாரங்கள் கொண்டவை; ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பு உண்டு; இறுதித் தேர்வை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில், அடிப்படைச் சான்றிதழ், பட்டயம், பட்டம் என்று ஒவ்வொரு நிலையிலும் தகுதிச் சான்றோடு வெளியேற வாய்ப்புண்டு. இத்தகைய படிப்பில் சேராமல் தாமே படிப்பவர், ‘இந்த ஆண்டு பைத்தான் கற்பேன்’ என்ற இலக்கை, ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கோப்பைத் திறந்து, அதிலுள்ள எண்களின் சராசரியைக் காணும் நிரலை எழுதுவேன்’ என்பது போன்ற, முடிந்ததா இல்லையா என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க வார இலக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். முடித்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவைத்தால், தளர்ச்சி வரும் நாளில் முந்தைய மாதப் பக்கங்களே அவருக்குச் சான்றாக நிற்கும்.

4. நேரமும் பழக்கமும்

‘நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்’ என்று எண்ணுபவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை. எந்தச் சூழலில் எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வோர், பொதுவாக எண்ணம் மட்டும் கொண்டோரைக் காட்டிலும் மிகுதியாக அதைச் செயல்படுத்துகின்றனர் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டினார். ‘இன்னது நிகழ்ந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்ற வடிவில் அமையும் இத்தகைய முடிவை ‘செயற்படுத்தும் தீர்மானம்’ எனலாம்.

தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்வோருக்கு இம்முறை மிகவும் பயன்படும். வாரந்தோறும் ஷிப்ட் மாறுவதால், ‘மாலை 7 மணிக்குப் படிப்பேன்’ என்று கடிகாரத்தைக் கொண்டு தீட்டிய திட்டம் இரண்டாம் வாரத்திலேயே குலைந்துவிடுகிறது. ‘வேலை முடிந்து வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டதும் 40 நிமிடங்கள் படிப்பேன்’ என்று ஒரு நிகழ்வோடு பிணைத்த திட்டம் எந்த ஷிப்டிலும் நிலைத்து நிற்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் புதிய பாடத்தைத் தொடாமல், பழைய பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது; தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதால் படித்ததும் மனத்தில் பதிவதில்லை, மறுநாள் வேலையும் கெடுகிறது.

பழக்கம் உருவாக எத்தனை நாட்கள் ஆகும் என்பதிலும் தவறான எதிர்பார்ப்பு உண்டு. லண்டனில் பிலிப்பா லாலியும் அவரோடு பணியாற்றியவர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக மாற எடுத்துக்கொண்ட காலம் நடுத்தரமாக 66 நாட்கள் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள்வரை வேறுபட்டது என்றும் கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை என்பது அவர்கள் கண்ட மற்றொரு முடிவு. ஆகவே மூன்று வாரத்தில் பழக்கம் படியவில்லையே என்று கவலைப்படவும் வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டுப்போனதால் எல்லாம் போயிற்று என்று எண்ணவும் வேண்டியதில்லை.

5. கற்றது மனத்தில் தங்கும் முறை

உழைத்துப் படித்தும் நினைவில் நிற்கவில்லை என்ற உணர்வைப்போல் ஊக்கத்தை அழிப்பது வேறில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் படிக்கும் முறையே. அமெரிக்க ஆய்வாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவரின் ஒரு பிரிவு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. மற்றொரு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது, நான்கு முறை படித்தோர் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தோர் 71 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழானது: முன்னவர் 40 விழுக்காடு, பின்னவர் 61 விழுக்காடு.

நினைவிலிருந்து எடுத்து எழுதும் இம்முறையை ‘மீள்நினைவுப் பயிற்சி’ எனலாம். இது கடினமாக இருப்பதால், தமக்கு ஒன்றும் வரவில்லை என்ற மயக்கத்தை முதலில் தரும். திரும்பத் திரும்பப் படிப்பதும் காணொலியை மீண்டும் பார்ப்பதும் எளிதாக இருப்பதால், எல்லாம் தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தரும். காணொலிகளை வரிசையாகப் பார்த்து முடித்தபின் தாமாக ஒரு வரியும் எழுத வராமல் திகைத்து, படிப்பையே விட்டுவிடுவோருக்கு நேர்வது இந்த இரண்டாவது மயக்கம். எனவே ஒவ்வொரு அமர்விலும் முதல் பத்து நிமிடங்களை, முந்தைய நாள் பாடத்தைத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்க்க ஒதுக்க வேண்டும். அதே பாடத்தை மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். முன்பு தடுமாறிய வினாவுக்கு இப்போது விடை வருவது, முன்னேற்றத்தைக் காட்டும் உறுதியான அளவுகோல்.

6. பழைய அனுபவத்தை முதலாக்குதல்

தொழில் மாறுபவர் வெறுங்கையோடு புதிய துறைக்குள் நுழைவதில்லை. வளர்ந்தோர் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ், அவர்களது வாழ்வனுபவமே கற்றலுக்கான செழுமையான மூலவளம் என்று வலியுறுத்தினார். மேலே கூறிய தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர், பாடநூலில் உள்ள அயல்நாட்டு விற்பனைப் பட்டியலைக் கொண்டு பயிற்சி செய்வதற்குப் பதிலாக, எந்த ஷிப்டில் எந்த இயந்திரத்தில் எத்தனை பாகங்கள் நிராகரிக்கப்படுகின்றன என்பது போன்ற தமக்குத் தெரிந்த கேள்வியை எடுத்துக்கொண்டால், பாடம் விரைவில் பொருள்படும். தரவுத்தளத்திலிருந்து வேண்டிய விவரத்தைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்.க்யூ.எல். அவருக்கு அப்போது ஒரு கருவியாகத் தோன்றும். நிறுவனத்தின் உண்மையான விவரங்களை அனுமதியின்றிப் பயன்படுத்துதல் கூடாது; அதே அமைப்பில் கற்பனை எண்களை இட்டுக்கொள்ளலாம். அவ்வாறு செய்து முடித்த பயிற்சி வேலை, நேர்காணலிலும் அவருக்குத் துணைநிற்கும். தொழிற்கூடத்தையும் தரவையும் ஒருசேர அறிந்தவர் என்ற தகுதி, புதிதாகப் பட்டம் பெற்று வருபவரிடம் இல்லாதது.

7. துணையும் குடும்பமும் பணமும்

லண்டனில் டாக்சி ஓட்டுநர் பயிற்சி பெறுவோர் இருவர் இருவராக அமர்ந்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழியை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் சரிபார்ப்பது வழக்கம். இதில் மீள்நினைவுப் பயிற்சியும் தோழமையும் ஒன்றுசேர்கின்றன. அதே படிப்பைப் படிக்கும் ஒருவரோடு வாரம் ஒருமுறை தொலைபேசியிலாவது இவ்வாறு வினவிக்கொள்வது, தனியே படிப்பவரின் சோர்வைக் குறைக்கும். வீட்டில் இடவசதி இல்லாதோர் பொது நூலகங்களை நாடலாம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கெனத் தனிப் பிரிவே உள்ளது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது.

குடும்பத்தாரிடம் ‘படிக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று மட்டும் சொல்வது போதாது. எந்த நாட்களில், எவ்வளவு நேரம், எந்த மாதம்வரை என்று தெளிவாகப் பேசி, அந்நேரத்தில் குழந்தைகளையும் சமையலையும் யார் கவனிப்பது என்பதை உடன்பாட்டோடு முடிவு செய்ய வேண்டும். குறிப்பாகப் பெண்கள் படிக்கும்போது வீட்டு வேலை முழுவதும் அவர்கள்மீதே இருப்பின், எந்த வழிமுறையும் பயன் தராது. வேலையைப் பகிர்ந்துகொள்வதே அங்கு ஊக்கத்தின் முதல் நிபந்தனை.

பணக்கவலையும் படிப்பைக் குலைக்கும். ‘வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்குக் கடன் வாங்கிப் பெருந்தொகை கட்டுமுன், கட்டணத்தைத் திரும்பப் பெறும் விதிகளை எழுத்தில் பெறவும், அங்கு படித்து வேலைக்குச் சென்றோரிடம் நேரில் பேசவும் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பாடத்தை ஒன்றிரண்டு மாதங்கள் படித்துப் பார்த்து, ஆர்வம் நிலைத்தபின் கட்டணப் படிப்பில் சேர்வதே அறிவுடைமை.

8. இடைவெளி விழுந்தபின் மீளுதல்

திருமணம், நோய், ஆண்டிறுதிக் கணக்கு என்று ஏதேனும் ஒரு காரணத்தால் படிப்பு இரண்டு, மூன்று வாரங்கள் தடைப்படுவது எல்லோருக்கும் நேர்வதே. தடைப்பட்டதைவிட, விட்டுப்போன அனைத்தையும் ஒரே வாரத்தில் ஈடுசெய்ய முயல்வதுதான் பலரைப் படிப்பிலிருந்து நிரந்தரமாக விலக்குகிறது. மீண்டும் தொடங்குபவர், முதல் மூன்று நாட்களுக்கு 15 நிமிடங்கள் மட்டும், தமக்கு நன்கு தெரிந்த பாடத்தைச் சோதித்துப் பார்த்து, பிறகு பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை படிப்பையே மறுபரிசீலனை செய்வதும் தேவை. நோட்டில் முன்னேற்றம் தெரிந்தும் பாடத்தின்மீது விருப்பம் சிறிதும் வளரவில்லை என்றால், தேர்ந்த துறை பொருந்தவில்லை என்று கொள்ளலாம். விருப்பம் இருந்தும் முன்னேற்றம் இல்லையென்றால், மாற்ற வேண்டியது படிக்கும் முறையை. நீடித்த தூக்கமின்மையோ எதிலும் நாட்டமின்மையோ இருப்பின், அதை ஊக்கக் குறைவு என்று ஒதுக்காமல் மருத்துவரை அணுக வேண்டும்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடிப்பவர் இன்றே செய்யத்தக்கவை மூன்று: அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய ஒரு சிறு இலக்கை எழுதுதல், அதற்கான நேரத்தை அன்றாட நிகழ்வு ஒன்றோடு பிணைத்தல், அந்த இலக்கை வேறொருவரிடம் சொல்லி வைத்தல். முன்னேற்றத்தைத் தம் கண்ணால் கண்டுகொண்டிருப்பவருக்குத் தொடர்ந்து படிக்கக் காரணம் தேட வேண்டிய தேவை எழுவதில்லை.